கடல் விசிறியும் வீட்டுத் தொட்டியும்

வீட்டில் மீன்தொட்டி வைத்து வளர்ப்பது இக்காலத்தில் பெருநகரத்தாருக்கு மட்டும் உரிய பொழுதுபோக்காக இல்லை. சித்தூர், திருப்பதி போன்ற உள்நாட்டு நகரங்களிலும் அது பழகிப்போன காட்சியே. வண்ண மீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரிலிருந்து இவ்வூர்களுக்குச் சில மணி நேரப் பயணமே. செயற்கைக் கடல் உப்பும், நீரைக் குளிர்விக்கும் கருவியும் விலைக்குக் கிடைக்கத் தொடங்கிய பின்னர், நன்னீர் மீன்களோடு நிறைவு கொள்ளாத சிலர் கடல் ஜீவராசிகளின் மீதும் நாட்டம் கொண்டுள்ளனர். அந்நாட்டத்தின் ஒரு கிளையே ஒளிச்சேர்க்கை செய்யாத கடல் விசிறிகளை, அதாவது கோர்கோனியன் என்னும் பவள இனத்தை, வீட்டுத் தொட்டியில் வைக்க வேண்டுமென்னும் ஆவல்.

இந்த ஆவலுக்கு ஆதாரமாகக் கூறப்படும் காரணம் ஒன்றுண்டு. பாறை கட்டும் பவளங்களுக்கு விலையுயர்ந்த விளக்குகள் வேண்டும். இவ்வினத்திற்கோ ஒளியே வேண்டா. ஆகவே வளர்ப்பது எளிது என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் முற்றிலும் தலைகீழானது. ஒளி வேண்டாத பவளம் எளிய பவளமன்று; அது ஓயாமல் ஆகாரம் கேட்கும் பவளம். அவ்வாகாரத்தை வீட்டுத் தொட்டியில் அளிக்க இயலுமா, அளித்தால் தொட்டி என்னவாகும், சட்டம் இதைப் பற்றி யாது கூறுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஆசிரியர்களும் வெளிக்கள ஊழியர்களும் தெளிவான விடை கூறக் கடமைப்பட்டவர்கள். ஏனெனில் கேள்வி முதலில் வந்து சேருமிடம் பள்ளி வகுப்பறையும் வனச் சோதனைச் சாவடியுமே.

தாவரமல்ல, பிராணியே

கடல் விசிறியைக் காண்போர் அதனைச் செடியென்றே எண்ணுவர். அடியில் ஒரு பிடிப்பு, அதினின்றும் எழும் தண்டு, அதிலிருந்து பிரியும் கிளைகள், சிலவற்றில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய வலை ஆகியவை யாவும் தாவரத்தையே நினைவூட்டுகின்றன. ஆயினும் இது பிராணிகளின் கூட்டுக் குடியிருப்பு. கிளைகளின் மேற்பட்டையில் ஆயிரக்கணக்கான சிறு பாலிப்புகள் பதிந்திருக்கும். ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டு உணர்கைகள். ஒவ்வோர் உணர்கையின் இரு ஓரங்களிலும் இறகு போன்ற சிறு கிளைகள். எட்டு என்னும் இவ்வெண்ணே இவ்வகுப்பை ஏனைய பவளங்களினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளம். பாறை கட்டும் பவளங்களில் உணர்கைகள் ஆறின் மடங்காக அமைவது வழக்கம்.

தண்டின் நடுவே பெரும்பாலான இனங்களில் கோர்கோனின் என்னும் புரதத்தாலான, கொம்பு போன்ற அச்சு உண்டு. அதைச் சூழ்ந்த பட்டையில் கண்ணுக்குப் புலனாகாத சுண்ணாம்பு முட்கள் நிறைந்திருக்கும். இம்முட்களின் வடிவத்தை நுண்ணோக்கியில் கண்டே நிபுணர் இனத்தை நிர்ணயிக்கின்றனர். கோர்கோனேசியா என்னும் பழைய வரிசைப் பெயர் வகைப்பாட்டு விஞ்ஞானத்தில் இப்போது நிலைக்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் வெளியான திருத்தத்தின்படி எண்கைப் பவளங்கள் இரு புதிய வரிசைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எனினும் கடல் விசிறி, கோர்கோனியன் என்னும் வழக்குப் பெயர்கள் சட்டத்திலும் களத்திலும் நிலைத்துள்ளன. ஊழியர் அறிந்திருக்க வேண்டிய பெயர்களும் அவையே.

கடல் விசிறிகளில் இரு பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவின் திசுக்களில் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்து, அதில் ஒரு பங்கைப் பவளத்திற்கு வழங்குகின்றன. கரிபியன் கடலின் ஆழமற்ற பகுதிகளில் இவை மிகுதி. மற்றப் பிரிவில் அத்தகைய பாசிகள் இல்லை. மன்னார் வளைகுடாவில் மீனவர் வலைகளில் சிக்கி மேலே வரும் செந்நிற, மஞ்சள் நிறக் கடல் விசிறிகள் பெரும்பாலும் இவ்விரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றின் கண்கவர் நிறம் பாசியினால் வந்ததன்று. சுண்ணாம்பு முட்களின் நிறமே அது. வீட்டில் சமைப்போர் இல்லாத குடும்பம் வெளியிலிருந்து வரும் உணவையே நம்பியிருப்பது போல, இவை நீரோட்டம் கொண்டுவரும் ஆகாரத்தை மட்டுமே நம்பி உயிர்வாழ்கின்றன.

ஆகாரத்தின் இயல்பு

மத்தியதரைக் கடலின் பாராமூரிசியா என்னும் கடல் விசிறியே இத்துறையில் நன்கு ஆராயப்பட்டது. பார்சிலோனா நகர விஞ்ஞானிகள் 1990-களில் நடத்திய ஆராய்ச்சிகளால், அது மிதவைப் பிராணிகளின் முட்டைகள், இளம் லார்வாக்கள், அவற்றினும் சிறிய நுண்ணுயிர்கள், நீரில் மிதக்கும் மட்கிய துகள்கள் எனப் பலதரப்பட்ட ஆகாரத்தைக் கொள்வது தெரியவந்தது. செங்கடலில் வாழும் டெண்ட்ரோநெப்தியா என்னும் மென்பவளம், பாசி குடியிராத இனமாயிருந்தும், பெரிதும் தாவர மிதவை உயிரிகளையே உண்கிறது என்பது 1995-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதுவரை பவளங்கள் யாவும் புலால் உண்பவை என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது.

இவற்றிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு மூன்று விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, ஆகாரத்தின் அளவு மிகச் சிறியதாயிருத்தல் வேண்டும். கடல் விசிறியின் கொட்டும் செல்கள் வலிமை குன்றியவை. வேகமாய் நீந்தும் பெரிய இரையை அவற்றால் பிடித்து நிறுத்த இயலாது. உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலின் புதிதாய்ப் பொரித்த குஞ்சு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளமுடையது. சில இனங்கள் அதனைப் பிடிக்கும், பல இனங்களுக்கு அதுவும் பெரிது. ரோட்டிஃபர் என்னும் சக்கர உயிரி 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவினது. அதனைத் தனியே பாசி ஊட்டி வளர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஆகாரம் பலதரப்பட்டதாயிருத்தல் வேண்டும். ஒரே பொடியை நாள்தோறும் இடுவது போதாது. மூன்றாவதே மிகக் கடினமானது. கடலில் மிதவை உயிரிகள் நாளில் ஒரு வேளை மட்டும் வருவதில்லை. செறிவு குறைவாயினும் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று மீனுக்கு இடுவது போல் இட்டால், இப்பிராணி வேளைக்கிடையில் பட்டினி கிடக்கும். அயல்நாடுகளில் இவற்றை ஓரளவு வெற்றியுடன் வளர்த்தோர், சிறு பம்பின் மூலம் பகலிரவாய்த் துளித்துளியாக ஆகாரம் செலுத்தும் முறையையே கையாண்டனர்.

பட்டினி உடனே வெளியில் தெரிவதில்லை என்பது இங்கு மிக முக்கியம். மீன் பசித்தால் மெலியும்; நாய் பசித்தால் குரைக்கும். கடல் விசிறியோ தன் திசுவிலுள்ள சேமிப்பைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், நிறம் மாறாமல் நிற்கும். பாலிப்புகள் விரிவது குறையும். பின்னர் ஒரு கிளையின் நுனியில் பட்டை உரிந்து கருத்த அச்சு வெளிப்படும். அவ்விடத்தில் பாசி படரும். அப்போதுதான் வளர்ப்பவர் விழித்துக்கொள்கிறார். ஆனால் அந்த அழிவின் தொடக்கம் தொட்டிக்கு வந்த முதல் வாரத்திலேயே நிகழ்ந்துவிட்டது. "மூன்று மாதம் நன்றாக இருந்தது, பிறகு திடீரென்று இறந்தது" என்று கூறுவோர், அம்மூன்று மாதமும் அது செத்துக்கொண்டிருந்ததைக் கண்டவரே ஆவர்.

நீரோட்டம்

ஆகாரம் நீரில் இருந்தால் மட்டும் போதாது. அது பாலிப்பின் கைக்கு வந்து சேர வேண்டும். கரிபியன் கடல் விசிறிகளைப் பற்றி 1969-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, சிறிய விசிறிகள் பல திசைகளை நோக்கி நிற்க, வளர்ந்த விசிறிகளோ நீரோட்டத்திற்குக் குறுக்காகவே நிற்பதைக் காட்டிற்று. அவ்வாறு குறுக்காக நிற்கும் விசிறி அதிக இரையைப் பிடிப்பது 1976-இல் வெளியான வேறோர் ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. ஆற்றின் குறுக்கே வலை கட்டும் மீனவர் அறிந்த உண்மையே இது. ஓட்டம் குறைந்தால் இரை வராது; மிகுந்தால் உணர்கைகள் மடங்கிப் பாலிப்பு மூடிக்கொள்ளும். வீட்டுத் தொட்டியின் சாதாரணப் பம்பு ஒரு மூலையிலிருந்து பீறிடும் நீரை ஒரு கிளையில் மோதச் செய்து, மறுபுறத்தைத் தேங்கிய நீரில் விட்டுவிடுகிறது. இவ்விரண்டும் விசிறிக்குத் தீங்கானவையே.

ஒரு சிறு கணக்கு

இனி, ஆகாரத்தைத் தாராளமாகவே அளிப்பதாகக் கொள்வோம். அதன் விளைவை உயர்நிலைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். 200 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியில் நாள்தோறும் உலர்நிலையில் 1 கிராம் எடையுள்ள ஆகாரம் இடப்படுவதாகவும், அதில் பாதி புரதம் என்றும் வைத்துக்கொள்க. புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆகவே நாளொன்றுக்கு 0.08 கிராம், அதாவது 80 மில்லிகிராம் நைட்ரஜன் நீரில் சேர்கிறது. உண்ணப்படாத ஆகாரம் அழுகியும், உண்ணப்பட்டது கழிவாகியும் இறுதியில் நைட்ரேட்டாக மாறினால், 80 மில்லிகிராம் நைட்ரஜன் ஏறக்குறைய 354 மில்லிகிராம் நைட்ரேட்டாகும். 200 லிட்டரில் அது லிட்டருக்கு 1.77 மில்லிகிராம், முப்பது நாளில் 53 மில்லிகிராம். திறந்த கடலின் பவளப் பாறைகளைச் சூழ்ந்த நீரில் இது பெரும்பாலும் 1 மில்லிகிராமுக்கும் குறைவே.

நீரை மாற்றினால் ஆகாதா என்று கேட்கலாம். வாரந்தோறும் கால் பங்கு நீரை, அதாவது 50 லிட்டரை மாற்றினாலும், நீர் மாற்றுவதற்கு முந்திய அளவு நாளடைவில் லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராமில் சென்று நிற்கும். வாரத்தில் சேர்வது 12.4 மில்லிகிராம், நீக்கப்படுவது உள்ளதில் நான்கில் ஒரு பங்கு, இரண்டும் சமமாகும் நிலை அதுவே. இந்த அரைகுறைப் பயனுக்கும் வாரம் 1.75 கிலோகிராம் செயற்கைக் கடல் உப்பு வேண்டும். ஆண்டுக்கு 91 கிலோகிராம். அவ்வுப்பைக் கரைக்கத் தூய நீர் வேண்டும். குளோரின் கலந்த நகராட்சிக் குழாய் நீரோ, கடினத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரோ நேராக ஏற்றதன்று. வடிகட்டும் கருவியின் வழியே செலுத்தும்போது ஒரு பங்கு தூய நீருக்காக அதினும் மேற்பட்ட நீர் கழிவாக வெளியேறுவது வழக்கம். கோடையில் குடிநீருக்கே வரிசையில் நிற்கும் தெருக்களில் இக்கணக்கு வெறும் பொழுதுபோக்குக் கணக்காக முடிவதில்லை.

ஆகக் குறைத்து இட்டால் பிராணி பட்டினி. போதுமான அளவு இட்டால் நீர் கெடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழி மிகக் குறுகியது. பெரிய நீர்க்கொள்ளளவும், நுரைவடிப்பானும், நாள்தோறும் நீர்ப் பரிசோதனையும், ஆகாரம் வளர்க்கத் தனி அறையும் உள்ள நிலையங்களே அவ்வழியில் நடக்க இயலும்.

கோடையும் பசியும்

திருப்பதியிலும் சித்தூரிலும் இவ்விடர் மேலும் கூடுகிறது. திருப்பதியில் சித்திரை, வைகாசி மாதங்களில் உஷ்ணநிலை 40 சென்டிகிரேடைத் தாண்டுவது வழக்கம். மூடிய அறையிலுள்ள தொட்டியின் நீரை 25 அல்லது 26 சென்டிகிரேடில் நிறுத்தக் குளிர்விக்கும் இயந்திரம் ஓயாமல் இயங்க வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றால், உஷ்ணம் ஏறுவதோடு நீரோட்டமும் நின்று, நீரில் கரைந்த பிராணவாயுவும் குறைகிறது.

உஷ்ணமும் பசியும் சேர்ந்தால் விளைவதென்ன என்பதைக் கடலே ஒருமுறை காட்டிற்று. 1999-ஆம் ஆண்டின் கோடை இறுதியில் மத்தியதரைக் கடலின் வடமேற்குக் கரைகளில், வழக்கத்திற்கு மாறாக நீடித்த வெப்பத்தால் கடல் விசிறிகள் பெருந்திரளாக மடிந்தன. அதன் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. அக்கடலில் கோடைக்காலம் இப்பிராணிகளுக்குப் பஞ்சகாலம். நீரில் மிதவை ஆகாரம் குறையும். ஆனால் வெப்பம் ஏற ஏற உடலின் செலவோ கூடும். வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பம் போல, பாலிப்புகளை மூடிக்கொண்டு அவை சேமிப்பில் காலந்தள்ளும். கோடை நீண்டால் சேமிப்பு தீர்ந்து திசு அழியும். பரந்த கடலிலேயே இதுவெனில், ஆந்திரக் கோடையில் 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அடைபட்ட விசிறியின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

இழக்கப்படுவது சிறு பொருளுமன்று. மேற்கூறிய பாராமூரிசியா ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டரே உயரும். இதே வேகத்தில் வளரும் ஒரு விசிறி முழ நீளம் ஆவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். தொட்டியில் அது மடிவதற்கோ சில மாதங்கள் போதும். விசிறியின் கிளைகளுக்கிடையே நொறுங்கு நட்சத்திரங்களும், சிறு நண்டுகளும், இளமீன்களும் ஒதுங்கி வாழ்கின்றன. ஒரு விசிறியைப் பிடுங்குவது ஒரு மரத்தையும் அதிலுள்ள கூடுகளையும் சேர்த்து வெட்டுவதற்கு ஒப்பாகும்.

சட்டத்தின் நிலை

இந்நாட்டில் கடல் விசிறிகளுக்கு வணிக வரலாறு ஒன்றுண்டு. கரிபியன் கடலின் பிளெக்சாரா என்னும் இனத்தில் மருத்துவப் பயனுள்ள புரோஸ்டாகிளாண்டின் வகைப் பொருள்கள் மிகுதியாக இருப்பது 1969-இல் தெரியவந்த பின்னர், உலகெங்கும் கடல் விசிறிகளின் மீது ரசாயனத் தொழிலின் பார்வை விழுந்தது. 1970-களின் நடுவிலிருந்து இந்தியக் கரைகளிலிருந்தும் உலர்ந்த கடல் விசிறிகள் ஏற்றுமதியாயின. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இவ்வளத்தை ஆராய்ந்து, இனங்களை வகைப்படுத்தி, மெதுவாக வளரும் இவற்றைக் கட்டுப்பாடின்றி எடுப்பதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டினர்.

2001-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளங்கள் ஆகியவற்றோடு கடல் விசிறிகள் அனைத்தையும் சேர்த்தது. "அனைத்தும்" என்னும் சொல் கவனிக்கற்பாலது. குறிப்பிட்ட ஓர் இனமன்று, குழு முழுவதுமே அங்குக் குறிக்கப்பட்டது. ஆகவே "இது சாதாரண இனம்", "இது வேறு கடலிலிருந்து வந்தது" என்னும் சமாதானங்களை வெளிக்கள ஊழியர் எளிதில் ஏற்றல் தகாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்து அட்டவணைகளை மாற்றியமைத்திருப்பதால், பழைய கையேட்டை நம்பாமல் திருத்திய அட்டவணையின் பிரதியையே ஒவ்வொரு சரக அலுவலகமும் வைத்திருத்தல் வேண்டும்.

யாத்திரைத் தலமான திருப்பதியில் பணிபுரிவோர் அறிய வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. இந்தியாவின் பல நகரங்களில் "இந்திரஜால்" என்னும் பெயரில், செல்வம் தரும் மூலிகை என்றும் திருஷ்டி போக்கும் வேர் என்றும் கூறி, உலர்ந்த கடல் விசிறிகளும் கருப்புப் பவளங்களும் சட்டமிட்டு விற்கப்பட்டு, வன அதிகாரிகளால் கைப்பற்றப்பட்டுள்ளன. வாங்குவோரிற் பலர் அது பிராணி என்பதையே அறியார். கைலென்ஸ் கொண்டு பார்த்தால் கடல் விசிறியின் பட்டையில் பாலிப்புகள் இருந்த சிறு குழிகள் வரிசையாகத் தெரியும். கருப்புப் பவளத்தின் அச்சிலோ நுண்ணிய முட்கள் தடவுங்கால் தட்டுப்படும். தாவர வேருக்கு இவ்விரண்டும் இல்லை. ஐயம் எழுமிடத்துப் பொருளை எரித்தோ கரைத்தோ சோதிக்காமல், சான்றாக முத்திரையிட்டு, இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற நிலையத்தின் நிபுணரிடம் அனுப்புவதே முறை. உயிருள்ள விசிறி தொட்டியில் காணப்பட்டால், அது காய்ந்துவிடாமல் அந்நீரிலேயே வைத்துக் காப்பது உடனடிக் கடமை.

எதிர்வாதம்

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையுடன் எடுத்துக்கொள்ள வேண்டும். கடல் உயிர்களை வீட்டில் வளர்த்த ஆர்வலரே, அவற்றின் ஆகாரத்தையும் இனப்பெருக்கத்தையும் பற்றிய எத்தனையோ நுட்பங்களை உலகிற்கு அளித்தனர். சட்டத்தைக் காட்டி ஆர்வத்தைத் தடுத்தால் அறிவும் தடைப்படாதா என்பதே அது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆர்வலர் பெற்ற அனுபவமே, ஆகாரத்தைத் துளித்துளியாகச் செலுத்தும் முறையைப் பரவச் செய்தது. தடையொன்றே பாதுகாப்பாகி விடாது என்பதும் உண்மை. கடல் விசிறிகள் இன்றும் அடிவலைகளில் சிக்கி மேலே வந்து கரையில் எறியப்படுகின்றன. அவற்றைத் திரும்ப நடுவதற்கும் வளர்ப்பதற்குமான அறிவு இந்நாட்டுக்கு இன்றியமையாதது.

ஆயினும் அந்த அறிவைத் தேடுவதற்குரிய இடம் வீட்டின் கூடமன்று. கடற்கரையில் ஓடும் கடல்நீர் வசதியுள்ள மண்டபம், தூத்துக்குடி போன்ற இடங்களின் ஆராய்ச்சி நிலையங்கள், முறைப்படி அனுமதி பெற்று, வலையில் சிக்கிய விசிறிகளைக் கொண்டே இவ்வாராய்ச்சியை நடத்தலாம். ஓடும் கடல்நீர் ஆகாரத்தையும் கொண்டுவரும், கழிவையும் கொண்டுபோகும். மேற்காட்டிய நைட்ரேட்டுக் கணக்கே அங்கு எழாது. ஆர்வமுள்ள இளைஞருக்கு அங்குப் பயிற்சிக்கு வழிசெய்வதே அரசாங்கம் ஆற்றவேண்டிய மறுபாதிக் கடமை. தடுப்பதை மட்டும் செய்து, கற்பிப்பதைச் செய்யாமல் விட்டால், ஆர்வம் அழியாது. மறைவிடத்தைத் தேடிச் செல்லும். இதனைச் சட்டத்தை நிறைவேற்றுவோரும் மறக்கலாகாது.

பள்ளியில் செய்யத்தக்கவை

கடல் விசிறியின் வாழ்க்கையை விளக்க ஆசிரியருக்குக் கடல் விசிறியே வேண்டுமென்பதில்லை. குளத்து நீர்ச் செடிகளின் அடியிலைகளில் தேடினால் ஹைட்ரா கிடைக்கும். அதுவும் பவளத்தின் உறவே. கொட்டும் செல்களால் இரை பிடிப்பதே. ஆர்ட்டீமியா முட்டைகளை உப்பு நீரிலிட்டுக் காற்று செலுத்தினால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிக்கும்; அக்குஞ்சுகளை நன்னீரில் அலசி ஹைட்ராவுக்கு இட்டால், உணர்கை இரையைப் பற்றி வாய்க்குக் கொண்டுசெல்லும் காட்சியை மாணவர் கைலென்சினாலேயே காணலாம். எத்தனை குஞ்சு இட்டோம், எத்தனை உண்ணப்பட்டன, மிஞ்சியவை நீரை எத்தனை நாளில் கெடுத்தன என்று குறித்துவரச் செய்தால், இக்கட்டுரையின் சாரம் முழுவதும் ஒரு கண்ணாடிக் குவளையில் விளங்கிவிடும்.

நீரோட்டப் பாடத்திற்கு ஓடும் வாய்க்காலும் இரு கொசுவலைத் துண்டுகளும் போதும். ஒன்றை ஓட்டத்திற்குக் குறுக்காகவும், மற்றொன்றை நெடுக்காகவும் சட்டத்தில் கட்டி அரை மணி நேரம் வைத்து, படிந்தவற்றை எடுத்து ஒப்பிட்டால், கடல் விசிறி ஏன் குறுக்காக நிற்கிறது என்பதை மாணவர் தாமே கூறுவர். 2022-ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினைக்குப் பின் பழவேற்காட்டு ஏரிக் கரைகளின் ஒரு பகுதி திருப்பதி மாவட்டத்தில் அடங்கியிருப்பதால், அங்கு மாணவரை அழைத்துச் சென்று, கட்டைகளிலும் கற்களிலும் ஒட்டி வாழும் கொட்டலசுகளும் சிப்பிகளும் நீரை வடித்து உண்ணும் விதத்தை நேரிற் காட்டலாம். ஏரியில் பறவைகள் சரணாலயம் இருப்பதால், காண்பதோடு நின்று, எதையும் எடுத்துவராதிருப்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதியே ஆகும்.

சில பள்ளி, கல்லூரிக் காட்சியறைகளில் முற்காலத்தில் சேர்த்த உலர்ந்த கடல் விசிறிகள் இருக்கக்கூடும். அவற்றை அஞ்சி எறிந்துவிடுவதும் தவறு. எவர்க்கேனும் கொடுத்துவிடுவதும் தவறு. வன அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் அறிவுரைப்படி நடப்பதே தக்கது.

முடிவு

ஓர் உயிரை வளர்க்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது அழகாயிருக்கிறதா?" என்பதன்று, "இதற்கு நாள்தோறும் வயிறார உணவிட இயலுமா?" என்பதே. பசுவை வாங்குமுன் வைக்கோற்போரைப் பார்க்கும் வழக்கமுடைய சித்தூர்க் குடியானவருக்கு இவ்வுண்மையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஒளிச்சேர்க்கை செய்யாத கடல் விசிறியைப் பொறுத்தவரை, கடலையன்றி வேறெதுவும் அக்கேள்விக்கு எளிதில் "இயலும்" என்று விடை தர முடியாது. சட்டம் தடுப்பதால் மட்டும் அது வீட்டுத் தொட்டிக்கு ஆகாததன்று. அதன் பசியே அதனைத் தடுக்கிறது. இக்காரணத்தை மாணவர்க்கு விளங்க உரைக்கும் ஆசிரியரும், கடைக்காரர்க்குப் பொறுமையுடன் எடுத்துரைக்கும் ஊழியரும், தண்டனைப் பிரிவைக் காட்டி அச்சுறுத்துவோரினும் நிலையான பாதுகாப்பைக் கடலுக்கு அளித்தவராவர்.